பன்னிரண்டாவது புகை

நான் அதிகம் பேசாதவன் என்பதால்தான் துவக்கு என் கைக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என்னைவிடக் கண் கூர்மையானவர்கள் இருந்தார்கள். ஆனால் மரை மான் வரும்வரை இரண்டு மூன்று மணி நேரம் ஈரப் புல்லில் இருமாமல், பீடி பற்றவைக்காமல், ஒரு வார்த்தை பேசாமல் உட்கார வேண்டும். அதற்கு ஆள் தேடியபோது எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

"இவன் கல்யாணத்தன்னைக்கே வாயத் தொறக்கல. மரைகிட்டயா பேசப் போறான்?" என்றான் என் அத்தை மகன். அவனை மச்சான் என்று கூப்பிடுவேன். காட்டுக்குள் புகுந்து கத்தி மரையைக் கலைத்துவிடுவது அவன் வேலை. அதற்கு நல்ல தொண்டை வேண்டும். அவனுக்கு அது இருந்தது.

துவக்கு மாமாவுடையது. சொந்த மாமா இல்லை. லயத்தில் வயதில் மூத்தவர், அதனால் எல்லோருக்கும் மாமா. அவருடைய அப்பா பெரிய பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது அந்த ரைஃபிளை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். மாமா காட்டோரத்தில் முட்டைக்கோவாவும் லீக்ஸும் போட்டிருந்தார். பயிர்க் காவலுக்கென்று லைசன்ஸ் அவர் பேரில் இருந்தது. கை நடுக்கம் வந்த பிறகு அவரால் சுட முடியவில்லை.

மரை சுடுவது குற்றம் என்று எங்களுக்குத் தெரியும். பன்றிக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் போவோம். இப்போது மாமா இல்லை. துவக்கும் போலீசில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அது ஒரே ஒரு தோட்டா போடுகிற துவக்கு. விசைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே இழுத்தால் மேலே வாய் திறக்கும். தோட்டாவை வைத்துக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, வளையத்தை மேலே ஏற்றிப் பூட்ட வேண்டும். அப்போது கதவுத் தாழ்ப்பாள் விழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் காட்டுக்குக் கேட்காமல் இருக்க, நான் என் பழைய கம்பளித் தொப்பியை அதன்மேல் பொத்திக்கொண்டு பூட்டுவேன். பிடிக்கட்டை வெடித்துப்போய்ச் செப்புக் கம்பி சுற்றியிருந்தது. குளிரில் அந்தக் கம்பி கன்னத்தில் பட்டால் ஊசி குத்துவது போல இருக்கும். தோட்டா கிடைப்பது அரிது. மாமா ஒரு தடவைக்கு ஒன்றுதான் தருவார். ஒரு துணியில் சுற்றிக் கொடுப்பார், மருந்து மாத்திரை கொடுக்கிற மாதிரி. சுட்ட பிறகு வெற்றுத் தோட்டாக் கோதையும் அதே துணியில் சுற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உடப்புசல்லாவைக்கு மேலே, எங்கள் தோட்டம் முடிகிற இடத்தில் தேயிலை நின்றுபோய்ப் பத்தனைப் புல் தொடங்கும். அதற்கு அப்பால் காடு. காட்டிலிருந்து ஒரு ஓடை இறங்குகிற இடத்தில் மரைகளின் தடம் இருந்தது. தடத்துக்கு நேராக, காற்று என் முகத்தில் அடிக்கிற பக்கம் பார்த்து உட்காருவேன். மூடுபனி வந்தால் முன்னால் நிற்கிற சவுக்கு மரம்கூடத் தெரியாது. அட்டை ஏறினாலும் தட்டிவிட முடியாது. கீழே எங்கோ பெரட்டுக்களத்துத் தகரம் அடிப்பது கேட்கும். ஆட்கள் வேலைக்குக் கூடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நாங்கள் காட்டுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமைகளில், அன்று வேலைக்கு விருப்பப்பட்டவர்கள் மட்டும் வருவார்கள். எனக்கு அந்த இருப்பு பிடித்திருந்தது. யாரும் என்னைப் பேசச் சொல்லாத இடம் அது ஒன்றுதான்.

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மகள் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு காம்பராக்கள் உள்ள லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. முதல் ஒரு வருடம் நானே ஏதோ சமைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். காலையில் கடையில் ஒரு பணிசு ரொட்டியும் பிளேன்டீயும். மாலையில் பதினொன்றாம் காம்பரா மதினி ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு இடைச்சுவரின் மேல் வைப்பார். நான் கவ்வாத்து வெட்டுகிற மலையிலிருந்து விறகுக்குக் கொண்டுவருகிற தேயிலை மிலாறையெல்லாம் வெட்டி அவர் வீட்டு வாசலில் அடுக்கிவிடுவேன். தட்டை எடுக்கும்போது அவர் அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வார். கேட்பது எனக்குச் சுலபம்.

இறைச்சி பங்கு போடுவதற்கு எங்கள் லயத்தில் ஒரு முறை இருந்தது. தலைக்கணக்கு கிடையாது. அடுப்புக்கு ஒரு கூறு. வேட்டைக்குப் போகிற அன்று விடிந்ததும் மாமா மேல் ரோட்டில் நின்று லயத்தைப் பார்ப்பார். எத்தனை காம்பராக் கூரையில் புகை வருகிறதோ அத்தனை கூறு. கேஸ் அடுப்பு வாங்கியவர்கள்கூட அந்தக் குளிரில் வெந்நீர் வைக்க விறகுதான் எரிப்பார்கள், அதனால் கணக்குத் தப்பாது. மாமா இறைச்சியை வெட்டிக் கோவாவின் வெளி இலைகளில் கூறு கூறாக வைப்பார். பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். மாமா ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். ஆயம்மா திரும்பாமலே, "அஞ்சாம் காம்பராவுக்கு" என்பார். யாரும் குறை சொல்ல முடியாது. சுட்டவனுக்கு ஈரலும் ஒரு தொடைத் துண்டும் தனி.

அந்த வருடம் மழை முடிந்து நான் சுட்ட முதல் மரை நல்ல கிடா. ஒரே வெடியில் விழுந்தது. மச்சானும் இன்னும் மூன்று பேரும் கம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். மத்தியானம் லயத்துக்குப் பின்னால் எல்லோரும் கூடினோம். நான் வழக்கம்போல ஓரத்தில் நின்றேன்.

"இது யாருக்கு?"

"மூணாம் காம்பராவுக்கு."

"இது?"

"எட்டாம் காம்பராவுக்கு. நல்ல எலும்பா விழுந்திருக்கணும். அந்த வீட்டுக் கெழவனுக்கு இன்னும் பல்லு ஆடல."

சிரிப்பு. ஒவ்வொரு இலையாகப் போனது. பதினொன்றாம் காம்பராவைக் கூப்பிட்டதும் மதினி வந்து எடுத்துக்கொண்டார். இலை தீர்ந்துவிட்டது. மாமா கத்தியைக் கழுவத் தொடங்கினார்.

நான் இலை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது. மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாப்பா? சுட்ட பங்கு எடுத்து வச்சிருக்கேன்ல?"

"ஆமா மாமா."

"பொகை பதினொண்ணுதான்ப்பா வந்துச்சு."

"ஒனக்கெதுக்குடா கூறு?" என்றான் மச்சான். "மதினி சட்டியில விழுற கறியில பாதி ஒந்தட்டுக்குத்தான் வரப்போகுது. ஒரு மரையில மூணு பங்கு கேக்குறியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா சொன்னதில் தப்பில்லை. முறை அதுதான். ஈரலையும் தொடைத் துண்டையும் அப்படியே மதினியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கல்யாணமான புதிதில் நாங்கள் அப்பா அம்மாவோடு ஆறாம் காம்பராவில் இருந்தோம். கடைசிக் காம்பரா காலியானபோது தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். அந்த மாதமே ஒரு பன்றி விழுந்தது. அன்றைக்குக் கூறு போடும்போது முதல்முறையாகப் "பன்னெண்டாம் காம்பராவுக்கு" என்று கூப்பிட்டார்கள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தாள். கல்யாணத்தைவிட அன்றைக்குத்தான் நாங்கள் ஒரு குடும்பம் என்று எனக்குத் தோன்றியது. இப்போது லயத்துக் கணக்கில் பதினொரு வீடுதான். நான் ஒரு வீடாக இல்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது? வாய் திறந்து கேட்டால், இறைச்சிக்கு ஆசைப்படுகிறான் என்பார்கள்.

ஒரு மாதம் கழித்து அடுத்த வேட்டைக்கு நாள் பார்த்தார்கள். அன்று விடிவதற்கு முன்பே எழுந்தேன். அடுப்பிலிருந்த சிலந்தி வலையைத் துடைத்தேன். மிலாறு ஈரமாக இருந்தது. ஊதி ஊதிக் கண் எரிந்தது. பற்றியதும் மேலே ஈரக் கட்டை இரண்டு வைத்தேன். விடிந்த பிறகும் புகைய வேண்டும் என்பதற்காக. தண்ணீர்ப் பானையைக்கூட ஏற்றவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு மாமாவிடம் போய்த் துவக்கையும் தோட்டாவையும் வாங்கிக்கொண்டேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எண்ணும்போது தானாகத் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓடைக்கரையில் உட்கார்ந்தபோது பனி இருந்தது. வெயில் ஏறி அது கலைந்ததும் காட்டுக்குள் மச்சான் கூவுவது கேட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அடுப்புக்கு மேலே கொடியில் அவளுடைய பழைய சேலையைப் போட்டிருந்தேன். அதை எடுத்தேனா? அடுப்பை மூட்டும்போது கொடி கண்ணில் பட்டதா? நினைவுக்கு வரவில்லை. கட்டை சரிந்து பொறி மேலே போனால்? அங்கிருந்து லயம் தெரியாது. எழுந்து மேட்டில் ஏறினால் தெரியும். எழுந்தால் மரை போய்விடும்.

மரை வந்துவிட்டது. பெரிய கிடா, கழுத்து மயிரில் பனித்துளி. தண்ணீரைத் தாண்டி, பக்கவாட்டில் முழுதாகத் திரும்பி நின்றது. குழந்தைகூடச் சுட்டிருக்கும். நான் விசையை அழுத்தும்போது அந்தச் சேலையின் நிறத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். குண்டு அதன் முதுகுக்கு மேலே போய் எதிர்க்கரை மண்ணைக் கிளப்பியது. மரை ஒரு தடவை காலைத் தட்டியது. பிறகு அங்கே ஒன்றும் இல்லை.

மச்சான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். புல்லைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"எங்கடா?"

நான் காட்டைக் காட்டினேன்.

"நா தொண்ட கிழியக் கத்தி மாப்பிள்ள மாதிரி அனுப்பி வக்கிறேன். நீ வழியனுப்பி வச்சிட்டு ஒக்காந்திருக்க. போகும்போது ஒன்னப் பாத்து ஏதாவது சொல்லிட்டுப் போச்சா?"

"கோதத் தேடணும்" என்றேன். கோது காலடியிலேயே கிடந்தது.

கீழே இறங்கி வரும்போது லயம் தெரிந்தது. தீ இல்லை. என் கூரையில் மெல்லிய புகை. ஆனால் என் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. கிட்டப் போனதும் ஆயம்மா வாயில் விரலை வைத்து எங்களை அதட்டினார்.

"மெதுவா வாங்கடா. தூங்குறா போல."

"யாரு?" என்றான் மச்சான்.

"யாரா? இவன் பொண்டாட்டி. பிளேன்ல வந்த அலுப்பு. நாங்க ஒரு மணி நேரமா தட்டாம கொள்ளாம ஒக்காந்திருக்கோம்."

மாமா மேல் ரோட்டிலிருந்து பன்னிரண்டு புகையை எண்ணியிருக்கிறார். "கடைசிக் காம்பராவுல அடுப்பு எரியுது, அவ வந்துட்டா" என்று அங்கிருந்தே கத்தியிருக்கிறார். கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து, அவள் தூங்குவதற்காக நான் வெளியே பூட்டிவிட்டுப் போனதாக இவர்களே முடிவு செய்துவிட்டார்கள். மதினி ஒரு சுண்டு பச்சரிசி கொண்டுவந்திருந்தார். யாரோ நான்கு முட்டை. ஆயம்மா கையில் ஒரு புட்டிப் பால்.

மச்சான் என் முகத்தைப் பார்த்தான். "அடப் பாவி, சொல்லவே இல்லயே" என்று தோளில் அடித்தான்.

ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

"அவ வரல."

மதினி எழுந்து கூரையைப் பார்த்தார்.

"பின்ன அடுப்பு?" என்றார் மதினி.

"நாந்தான்."

"நீயா? எதுக்கு?"

"குளிருக்கு" என்றேன்.

ஆயம்மா சாவியை என் கையிலிருந்து வாங்கிக் கதவைத் திறந்தார். அடுப்பைப் பார்த்தார். மேலே பானை இல்லை. கொடியில் சேலை அப்படியே தொங்கியது, கீழ் ஓரம் கறுத்துப்போய். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கூறுக்கா மூட்டுன?"

மச்சான்கூடச் சிரிக்கவில்லை. பெண்கள் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவதா, வைத்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு எடுத்துக்கொண்டுதான் போனார்கள். பால் மட்டும் இஸ்தோப்பில் இருந்தது. அதை ஆயம்மா மறந்துவிட்டாரா, வைத்தாரா என்று கேட்கவில்லை.

அன்று மாலை குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே அவளோடு பழகுகிற எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கு யாரோ லயத்திலிருந்து செய்தி அனுப்பிவிட்டார்கள்.

"என்னாங்க, நா வந்துட்டேனாமே? எனக்கே தெரியாம எப்புடிங்க வந்தேன்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"ஏன் மூட்டுனீங்க?"

"போன தடவ கூறு போடயில நம்ம காம்பராவக் கூப்புடல."

"பன்னெண்டயா?"

"ம்."

அவள் பக்கத்தில் யாரோ அரபியில் பேசுவது கேட்டது.

"நா செத்தா போயிட்டேன்?" என்றாள். "அது என் அடுப்பு. மண்ணு கொழச்சு நாந்தான் போட்டேன். அத எப்புடி விடுவாங்க? நீங்களும் பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

"நின்னேன்."

"அதானே. நிப்பீங்களே."

போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் ஆயம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒம்பொண்டாட்டி அங்கயிருந்து என்னய வையிறா, வையிறா, போனு சூடாகிப் போச்சு. நா என்னாடா பண்ணுவேன்? மொகத்த செவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு நிக்கிறவ நா. வா மாமாகிட்ட."

மாமா தன் கோவாப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டுக்கொண்டார்.

"பொகைய எண்ணுறது வழக்கம். பொகை வந்தா வக்கிறேன். ஆளப் பாத்து வச்சா நாளைக்கு ஊருக்குப் போனவனெல்லாம் கேப்பான்."

"அன்னைக்கு வந்துச்சே?" என்றார் ஆயம்மா.

"பானை ஏறாத பொகையும் பொகையா?" என்றார் மாமா. என்னைப் பார்த்தார். "தெனமும் மூட்டுப்பா. ஆக்கு. திங்கிறியோ இல்லையோ, ஆக்கு. நா எண்ணுறேன்."

அன்றிலிருந்து தினமும் மூட்டினேன். பழக்கத்தில் ஒரு சுண்டு அரிசி போட்டுவிடுவேன், அது இரண்டு பேருக்கு. மீதியை மறுநாள் காலை தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுவேன். பருப்பு அடிப்பிடிக்கும். உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் போடவே மறந்துவிடும். பரவாயில்லை என்று நினைத்தேன். ஆனால் மூன்றாம் நாள் இடைச்சுவரின் மேல் தட்டு இல்லை. நான்காம் நாளும் இல்லை. மதினிக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அடுப்பு எரிகிற வீட்டுக்குத் தட்டு அனுப்புவது அந்த வீட்டைக் குறைவாக நினைப்பது போல ஆகிவிடும், அவ்வளவுதான். மிலாறையும் நான் இப்போது என் அடுப்புக்கே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தட்டு போனபோது அதோடு சேர்த்து அவர் சொல்கிற அன்றன்றைய கதைகளும் போய்விட்டன. யாருடைய மாடு யாருடைய லீக்ஸை மேய்ந்தது என்றுகூட எனக்குத் தெரியாமல் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பிள்ளைகளோடு பேசுவது கேட்கும். என்ன என்று கேட்காது, சத்தம் மட்டும்.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் காட்டுக்குப் போனோம். அன்றைக்குப் பனி கலையவே இல்லை. மரை வந்தது எனக்குத் தெரிவதற்கு முன்பு ஓடைத் தண்ணீரின் சத்தம் மாறியது. பிறகு கால்கள் தெரிந்தன, பிறகு மார்பு. சுட்டேன். அது நாலு எட்டு ஓடி விழுந்தது. மச்சான் வந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு அந்தக் கருகுன சேலைய எடுத்து வச்சிட்டுத்தான் வந்தியா?" என்றான்.

மத்தியானம் மாமா பன்னிரண்டு கோவா இலைகளை வரிசையாக வைத்தார். நான் இரண்டு தடவை எண்ணினேன். ஆயம்மா சுவரைப் பார்த்துத் திரும்பினார். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ ஒரு இலையை மாமா தொட்டார்.

"இது யாருக்கு?"

"பன்னெண்டாம் காம்பராவுக்கு" என்றார் ஆயம்மா, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக. குவைத்துக்குக் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் போய் எடுத்தேன். விலாவும் கொஞ்சம் கழுத்துக் கறியும். நல்ல கூறு. ஆட்கள் கலைந்ததும் அதில் பாதியை மதினிக்குக் கொடுக்கலாம் என்று பிரித்துக்கொண்டிருந்தேன். ஆயம்மா பார்த்துவிட்டார்.

"என்னாடா பண்ற? சுட்ட பங்க யாருக்கு வேணா குடு. அடுப்புக் கூறு அந்த வீட்ட விட்டுப் போகக்கூடாது. வந்த வீட்டுலதான் வேகணும். கேட்டு வாங்கின கூற அன்னைக்கே அடுத்த வீட்டுக்குத் தூக்கிக் குடுப்பியா?"

சுட்ட பங்கை மதினியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கூறை மஞ்சளும் மிளகும் போட்டு வேகவைத்தேன். சட்டி நிறைய இருந்தது. அவளுக்குக் காட்டலாம் என்று வீடியோ காலில் அழைத்தேன். அவள் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருப்பாள்.

அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். மரைக் கறி கடினம். நான் அதைப் போதுமான நேரம் வேகவைக்கவில்லை. மறுநாள் காலையும் அதுதான். வேலைக்கும் கட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் சூடாக்கும்போது தண்ணீர் கூடுதலாக ஊற்றினேன். நான்காம் நாள் மாலை சட்டியில் மூன்று துண்டு மிச்சம் இருந்தது. பசி இல்லை. மூன்றையும் மென்று தின்றுவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.